ஒரே சாவி, ஒன்பது பூட்டு

கோவில்பட்டியில் 18 ஆண்டுகள் பிரவுசிங் சென்டர் நடத்தியவள் என்பதால் இந்தப் பகுதியை என் தலையில் கட்டியிருக்கிறார்கள். கணினிப் படிப்பு எனக்குக் கிடையாது. கடவுச்சொல் பற்றிய சந்தேகங்களை அனுப்புங்கள் என்று இரண்டு இதழ்களுக்கு முன் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் கணிசமானவற்றில், வாசகர்கள் தங்கள் கடவுச்சொல்லையே முழுதாக எழுதி "இது நல்லதா?" என்று கேட்டிருக்கிறார்கள். அந்தக் கடிதங்களைக் கிழித்துப் போட்டுவிட்டேன். அனுப்பியவர்கள் தயவுசெய்து இன்றே அதை மாற்றிவிடுங்கள். மற்றவர்களுக்கான பதில்கள் கீழே.

எனக்கு வயது 71. கடவுச்சொற்களை ஒரு டைரியில் எழுதி வைத்திருக்கிறேன். பெங்களூரிலிருந்து வந்த மகன் அதைப் பார்த்துவிட்டு, "இதையெல்லாம் யாராவது தாளில் எழுதுவார்களா?" என்று சத்தம் போட்டான். நான் செய்தது தவறா?
— ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், அறந்தாங்கி

தவறே இல்லை ஐயா. அந்த டைரியைத் திருட நினைப்பவன் அறந்தாங்கிக்கு பஸ் ஏறி, உங்கள் தெருவைக் கண்டுபிடித்து, பீரோவை உடைக்க வேண்டும். இணையத்தில் திருடுகிறவன் எந்தக் கண்டத்தில் உட்கார்ந்திருக்கிறானோ தெரியாது. அவன் கை உங்கள் பீரோவுக்கு எட்டாது.

எழுதி வைக்காதே என்பது அலுவலகத்துக்கான விதி. அங்கே கணினித் திரையின் ஓரத்தில் சீட்டு ஒட்டிவைத்தால் தேநீர் கொண்டுவருபவர் முதல் எல்லோரும் படிப்பார்கள். அதை வீட்டுக்குள் கொண்டுவந்தால் என்ன ஆகிறது? நினைவில் நிற்க வேண்டுமே என்று பேத்தியின் பெயரோடு அவள் பிறந்த ஆண்டைச் சேர்த்து ஒரு சொல் அமைத்து, மின்வாரியத்துக்கும் வங்கிக்கும் மெயிலுக்கும் அதையே வைக்கிறோம். இடத்துக்கு ஒரு சொல் வைக்க டைரி உள்ளவரால்தான் முடியும்.

மகனைச் சமாதானப்படுத்த இரண்டு காரியம் செய்யுங்கள். ஏ.டி.எம்., யு.பி.ஐ. ரகசிய எண்களை டைரியில் எழுதாதீர்கள். அவை நான்கோ ஆறோ இலக்கங்கள்தான், மனத்தில் இருக்கட்டும். (ஏ.டி.எம். கார்டின் முதுகிலேயே பேனாவால் எண்ணை எழுதி வைத்திருந்த ஒருவரை நான் பார்த்திருக்கிறேன். எழுத்து அழியாமலிருக்க மேலே செலோ டேப் வேறு ஒட்டியிருந்தார்.) அடுத்தது, எல்லாக் கடவுச்சொற்களுக்கும் கடைசியில் ஒரு சிறு சொல்லைச் சேர்த்துக்கொண்டு, அந்தச் சொல்லை மட்டும் டைரியில் எழுதாமல் விடுங்கள். டைரி யார் கையிலாவது கிடைத்தாலும் அதில் இருப்பது முக்கால் சாவிதான். டைரிப் பக்கத்தை மட்டும் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளாதீர்கள். அப்படிச் செய்தால் பீரோவில் பூட்டியதற்கே பொருளில்லை.

என் இன்ஸ்டாகிராம் கணக்கு பறிபோய்விட்டது. பெரிய எழுத்து, எண், அட் குறி எல்லாம் சேர்த்துத்தான் கடவுச்சொல் வைத்திருந்தேன். "வலிமையானது" என்று பச்சைக் கோடுகூடக் காட்டியது. பிறகு எப்படி?
— கல்லூரி மாணவி, சிவகாசி

மகளே, அதே சொல்லை வேறு எங்கெல்லாம் வைத்திருந்தாய் என்று நீ எழுதவில்லை. நானே ஊகிக்கிறேன்: துணி வாங்கும் செயலி ஒன்று, எப்போதோ மாதிரித் தேர்வு எழுதிய தளம் ஒன்று, நண்பிகள் சொன்னார்கள் என்று சேர்ந்து மறந்துபோன விளையாட்டு ஒன்று. திருடன் உன் சொல்லைக் கண்டுபிடிக்க மண்டையை உடைத்துக்கொண்டிருக்க மாட்டான். அந்த மூன்றில் ஒன்று கொள்ளை போயிருக்கும், அந்தப் பட்டியலோடு ஊரிலுள்ள கதவுகளையெல்லாம் தட்டிப் பார்த்திருப்பான். பச்சைக் கோடு பூட்டின் கனத்தை மட்டும்தான் அளக்கிறது. அதே சாவி இன்னும் எட்டு வீட்டு வாசலில் தொங்குவது அதற்குத் தெரியாது.

இப்படிக் கொள்ளை போவது அரிது என்று நினைக்காதே. 2009-இல் ராக்யூ என்ற அமெரிக்க நிறுவனத்திடமிருந்து 3.2 கோடி கடவுச்சொற்கள் வெளியே வந்தன. அவற்றைச் சங்கேதமாக்காமல், பெயர்ப் பதிவேடு எழுதுவதுபோல அப்படியே வைத்திருந்தார்கள். அந்தப் பட்டியலில் முதலிடம் பிடித்தது 123456. முதல் பத்தில் ஐ லவ் யூ என்பதும் இளவரசி என்பதற்கான ஆங்கிலச் சொல்லும் இருந்தன. நல்ல பிள்ளைகள்தான், பாவம். கடவுச்சொல் உடைக்கும் கருவிகளோடு இன்றும் அந்தப் பட்டியல் சுற்றிக்கொண்டிருக்கிறது.

பொறுப்பான தளங்கள் உன் சொல்லை அப்படியே வைத்துக்கொள்வதில்லை, அரைத்து வைத்துக்கொள்கின்றன. அரைத்த மாவை மறுபடி அரிசியாக்க முடியாது அல்லவா? நீ ஒவ்வொரு முறை உள்ளே நுழையும்போதும் நீ கொடுக்கும் அரிசியை அரைத்து, ஏற்கெனவே இருக்கும் மாவோடு ஒப்பிட்டுப் பார்த்துக் கதவைத் திறக்கிறார்கள். இதில் ஒரு சிக்கல் உண்டு. இந்த உரலில் ஒரே அரிசி எப்போதும் ஒரே மாவைத்தான் தரும். மாவைத் திருடிக்கொண்டு போனவன், சந்தையில் கிடைக்கும் அத்தனை அரிசியையும் தானே அரைத்து, எது எதோடு பொருந்துகிறது என்று பார்த்தால் முடிந்தது. அதனால்தான் ஒவ்வொருவர் பங்கிலும் வேறு வேறு உப்பைக் கலந்து அரைக்க வேண்டும் என்றார்கள். உப்பு என்பது நான் உனக்காகக் கட்டிய கதை அல்ல, அந்தத் தொழிலில் அதற்குப் பெயரே உப்புதான். ராபர்ட் மாரிஸ், கென் தாம்ப்சன் என்ற இரு அறிஞர்கள் 1979-இலேயே இதை எழுதிவிட்டார்கள். 33 ஆண்டுகள் கழித்து 2012-இல் லிங்க்ட்இன் தளத்திலிருந்து சுமார் 65 லட்சம் பேரின் மாவு வெளியே வந்தபோது பார்த்தால், உப்பே இல்லை. அதே திருட்டின் மீதி 2016-இல் விற்பனைக்கு வந்தது: சுமார் 11.7 கோடி. ஃபேஸ்புக்கை உருவாக்கிய மார்க் சக்கர்பெர்க்கின் ட்விட்டர், பின்டரெஸ்ட் கணக்குகளுக்குள் யாரோ புகுந்ததும் அப்போதுதான். லிங்க்ட்இனில் வைத்த சொல்லையே அங்கும் வைத்திருந்தார் என்று செய்திகள் வந்தன. ஆகவே நீ வெட்கப்பட்டுக் குறுக வேண்டாம்.

இப்போது செய்ய வேண்டியது: இன்ஸ்டாகிராமை விட்டுவிட்டு முதலில் மெயிலுக்குப் போ. மற்ற எல்லாக் கணக்கும் "மறந்துவிட்டேன்" என்று சொன்னால் அங்கேதான் புதுச் சாவியை அனுப்பும். மெயிலின் கடவுச்சொல்லை மாற்று. அதில் மீட்பு எண், மீட்பு மெயில் என்று இருப்பவை உன்னுடையவைதானா என்று பார். வரும் கடிதங்களை வேறு முகவரிக்குத் தள்ளிவிடும் விதி எதையாவது அவன் போட்டு வைத்திருக்கிறானா என்று அமைப்புகளில் தேடு, பலர் இதைப் பார்ப்பதே இல்லை. எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு. அதன் பிறகு இன்ஸ்டாகிராமில் மீட்பு கேள். ஆஸ்திரேலியாவின் டிராய் ஹண்ட் 2013 முதல் நடத்தும் ஹேவ் ஐ பீன் போன்ட் (haveibeenpwned.com) என்ற தளத்தில் உன் மெயில் முகவரியைக் கொடுத்தால், அது எந்தெந்தத் திருட்டுகளில் சிக்கியிருக்கிறது என்று காட்டும். நான் பார்த்தபோது என்னுடையது நான்கில் இருந்தது.

வீட்டில் கணினி இல்லை. டி.என்.பி.எஸ்.சி. விண்ணப்பம் முதல் எல்லாமே சென்டரில்தான். அங்குள்ள அண்ணனே எனக்கு மெயில் ஐ.டி. திறந்து, பாஸ்வேர்டும் அவரே வைத்துக் கொடுத்தார். நல்லவர்தான். இருந்தாலும் பயப்பட வேண்டுமா?
— தேர்வுக்குப் படிப்பவர், விருத்தாசலம்

அந்த அண்ணனின் நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தேன், தம்பி. அதனால் ஒளிக்காமல் சொல்கிறேன்.

2002-இல் நான்கு கணினிகளோடு தொடங்கினேன், மணிக்கு 30 ரூபாய். ரயில் டிக்கெட், பிளஸ் டூ ரிசல்ட், வேலைக்கு மனு என்று வருபவர்களில் பெரும்பாலோருக்கு மெயில் என்றால் என்னவென்றே தெரியாது. நானே திறந்து கொடுப்பேன். "அக்கா, எனக்கு இதெல்லாம் நினைவிருக்காது, நீங்களே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்" என்பார்கள். 192 பக்க நோட்டு ஒன்றில் எழுதினேன். பெயர், மெயில், கடவுச்சொல். ஒவ்வொருவருக்கும் யோசிக்க நேரமில்லாமல், அவரவர் பெயருக்குப் பின்னால் 123 என்று ஒரே அச்சில் வார்த்துக்கொண்டே போனேன். ஒன்றைத் தெரிந்தவருக்கு நானூறும் தெரியும்.

2011-இல் ஒரு நாள் அந்த நோட்டைக் காணவில்லை. இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. அந்த நானூறு பேரின் சான்றிதழ்கள், வேலை உத்தரவுகள், வெளிநாட்டிலிருந்து கணவர் எழுதிய கடிதங்கள் எல்லாம் அந்த நோட்டுக்குள் இருப்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. மூன்றாம் நாள் லேமினேஷன் இயந்திரத்துக்கு அடியில் கிடந்தது. தீப்பெட்டிக்குப் பெயர்போன ஊர். கொல்லைப்புறத்தில் கொளுத்திவிட்டேன். அதற்குப் பிறகு யார் வந்தாலும் விசைப்பலகையை அவர்கள் பக்கம் தள்ளிவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வேன். "நீங்கள் பார்த்தால் என்ன அக்கா?" என்று சிலர் கோபித்துக்கொண்டதும் உண்டு.

இன்னொன்று. மூன்றாம் எண் கணினி ஒருமுறை மிகவும் மெதுவாக ஓடியது. பழுது பார்க்க வந்தவர், தட்டச்சு செய்யும் ஒவ்வொரு எழுத்தையும் குறித்து வைக்கும் நிரல் ஒன்றை அதிலிருந்து எடுத்தார். யார் போட்டது, எப்போது போட்டது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆகவே அண்ணன் நல்லவராக இருந்தாலும் அவருடைய கணினியைப் பற்றி அவருக்கே தெரியாமல் இருக்கலாம்.

உங்கள் போனிலிருந்து கடவுச்சொல்லை மாற்றுங்கள். மீட்பு எண்ணாக யாருடைய எண் இருக்கிறது என்று பாருங்கள். ஓ.டி.பி. வரும்போது வாடிக்கையாளரைத் தேட வேண்டாமே என்று சென்டர்காரர்கள் தங்கள் எண்ணையே கொடுப்பது வழக்கம். நானும் கொடுத்திருக்கிறேன். ஹால் டிக்கெட் எடுக்கும் நாளில் அவர் கடையை மூடியிருந்தால் நீங்கள் நடுத்தெருவில் நிற்பீர்கள். வங்கி வேலையைச் சென்டர் கணினியில் ஒருபோதும் செய்யாதீர்கள்.

எங்கள் அலுவலகத்தில் 90 நாளுக்கு ஒருமுறை கடவுச்சொல்லை மாற்றச் சொல்கிறார்கள். நான் கடைசியில் உள்ள எண்ணை மட்டும் 1, 2, 3 என்று கூட்டிக்கொண்டே போகிறேன். இப்போது 14-இல் நிற்கிறேன். ஏமாற்றுகிறேனோ என்று உறுத்துகிறது.
— ஓசூர் வாசகி

உங்களை மட்டும் சொல்லிப் பயனில்லை, உலகமே அப்படித்தான் செய்தது. இந்த விதியின் மூலம் அமெரிக்காவின் தேசியத் தர, தொழில்நுட்ப நிறுவனம் 2003-இல் வெளியிட்ட வழிகாட்டி. அதை எழுதியவர் பில் பர் என்ற அதிகாரி. பெரிய எழுத்து வை, எண் வை, குறி வை, அவ்வப்போது மாற்று என்ற மந்திரம் அங்கிருந்துதான் பரவியது. 2017-இல், ஓய்வுபெற்ற பிறகு, தான் எழுதியதில் பெரும்பகுதிக்காக இப்போது வருந்துவதாக அவரே ஒரு பத்திரிகையிடம் சொன்னார். அதே ஆண்டு அந்த நிறுவனமும் விதியைத் திருப்பிப் போட்டது: திருடு போனதற்கான அறிகுறி இருந்தால் மாற்றச் சொல்லுங்கள், நாள் கணக்கு வைத்து மாற்றச் சொல்லாதீர்கள், குறிகளைக் கட்டாயமாக்காதீர்கள். 2025-இல் வந்த திருத்தத்தில், கடவுச்சொல் ஒன்றை மட்டுமே காவலாக நம்பும் இடங்களில் அது குறைந்தது 15 எழுத்து இருக்க வேண்டும் என்கிறது.

இதை வெட்டி உங்கள் அலுவலக அறிவிப்புப் பலகையில் ஒட்டிப் பாருங்கள். அவர்கள் மாறும்வரை கடைசி எண்ணை 14-இலிருந்து 15 ஆக்குவதைத் தவிர வேறு வழியில்லை.

கடவுச்சொல் என்பதற்கும் கடவுளுக்கும் தொடர்பு உண்டா?
— யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர்

உங்கள் ஊரிலேயே விடை இருக்கிறது. பாஸ்போர்ட்டைக் கடவுச்சீட்டு என்கிறீர்கள், சாலையைக் கடக்கும் கோடுகளைப் பாதசாரிக் கடவை என்கிறீர்கள். கடவு என்றால் வழி, வாயில். கடவுளுக்கும் கட என்பதே வேர் என்பவர்கள் உண்டு, அந்தச் சண்டைக்குள் நான் வரவில்லை.

கணினிக்குள் இந்த வாயில் வந்தது 1960-களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிறுவனத்தில். ஒரே கணினியைப் பலர் பங்கிட்டுக்கொள்ள வேண்டியிருந்ததால் ஃபெர்னாண்டோ கோர்படோவின் குழு ஆளுக்கொரு சொல் வைத்தது. 1962-இல் ஆலன் ஷெர் என்ற ஆய்வு மாணவருக்குக் கொடுத்த நேரம் போதவில்லை. கடவுச்சொல் கோப்பையே அச்சடிக்கச் சொல்லிக் கணினிக்கு ஒரு கட்டளை கொடுத்தார், அதுவும் அச்சடித்துக் கொடுத்துவிட்டது. அதை வைத்து மற்றவர்களின் கணக்கில் வேலை பார்த்தார். பிறகு 1966-இல் ஒரு நாள் மென்பொருள் குழப்பத்தால், உள்ளே நுழைந்தவர்களுக்கெல்லாம் அன்றைய வரவேற்புச் செய்திக்குப் பதில் எல்லோருடைய கடவுச்சொற்களும் அச்சாகி வந்தன. பிறந்த வீட்டிலேயே இந்த லட்சணம்.

நீளமாக வை என்கிறீர்கள், இடத்துக்கு ஒன்று வை என்கிறீர்கள். எனக்கு 30 கணக்குகள் இருக்கின்றன. நான் மனுஷி, கல்வெட்டு அல்ல.
— துறையூர் வாசகி

சிரித்துவிட்டேன். நீங்கள் நினைவில் வைக்க வேண்டியது மூன்றுதான்: மெயில், போன், கடவுச்சொல் பெட்டகம் (மற்ற சொற்களைப் பூட்டி வைக்கும் செயலி, கீழே சொல்கிறேன்).

அந்த மூன்றையும் சொற்களைக் கோத்து அமையுங்கள். வீட்டில் தடிமனான அகராதி இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு ஐந்து முறை திறந்து, விரல் பட்ட சொல்லை எடுங்கள். கருவாடு, தபால், மேற்கூரை, ஊசி, வியாழன் என்று ஒன்றுக்கொன்று ஒட்டாமல் வர வேண்டும். அதை ஆங்கில எழுத்தில் உங்களுக்குப் பழகிய மாதிரி தட்டுங்கள். சொல்லை நீங்களாகத் தேர்ந்தெடுக்கக் கூடாது. நாமாக யோசித்தால் பிள்ளை, குலதெய்வம், சொந்த ஊர் என்றுதான் போவோம், பக்கத்து வீட்டுக்காரரே சொல்லிவிடுவார். சினிமாப் பாட்டின் முதல் வரியும் வேண்டாம்.

இதன் கணக்கு எனக்குப் பிடித்தது. ஆங்கிலச் சிறிய எழுத்துகள் எட்டைக் கொண்டு ஏறக்குறைய 20,900 கோடிச் சொற்கள் அமைக்கலாம். கேட்டால் மலைப்பாக இருக்கும். மாவைத் திருடியவனின் கணினி விநாடிக்கு 100 கோடி ஊகங்கள் செய்தால் மூன்றரை நிமிடத்தில் அத்தனையும் தீர்ந்துவிடும். அந்த வேகம் இன்றைக்குப் பெரிய விஷயமல்ல. பகடை உருட்டிச் சொல் எடுப்பதற்கென்றே 7,776 சொற்கள் கொண்ட ஆங்கிலப் பட்டியல் ஒன்று உண்டு (ஐந்து பகடை உருட்டினால் வரக்கூடிய விழுகைகள் அத்தனைதான்). அதிலிருந்து நான்கு சொல் எடுத்தால் அதே கணினிக்கு 42 நாள் ஆகும். ஐந்து சொல் என்றால் 900 ஆண்டு. ஒரு சொல் கூடியதற்கு இவ்வளவு! அட் குறியும் ஆச்சரியக்குறியும் போட்டு நாம் படும் பாட்டை நினைத்துக்கொள்ளுங்கள். நம் ஊர் ஆள் யாரும் குறியை நடுவில் வைப்பதில்லை. பெயருக்குப் பின்னால் அட் குறி, அதன் பின்னால் 123. திருடனுக்கும் அது தெரியும்.

மீதி 27-ஐப் பெட்டகத்திடம் விடுங்கள். பாஸ்வேர்டு மேனேஜர் என்பார்கள். கூகுள், ஆப்பிள் போன்களிலேயே ஒன்று இருக்கிறது. தனியாக வேண்டுமென்றால் பிட்வார்டன், கீபாஸ் போன்றவை இலவசமாகக் கிடைக்கின்றன. அதுவே வாயில் நுழையாத சொல்லை உருவாக்கி, அதுவே நினைவில் வைத்து, அதுவே நிரப்பும். இன்னொரு நன்மையும் உண்டு: வங்கியின் தளம்போலவே வேடமிட்ட போலித் தளத்துக்குப் போனால் முகவரி பொருந்தவில்லை என்று அது நிரப்பாமல் நின்றுவிடும். நம் கண் ஏமாறும், அது அவ்வளவு எளிதில் ஏமாறாது.

எல்லா முட்டையும் ஒரே கூடையிலா என்று பயப்படுவது நியாயம்தான். 2022-இல் லாஸ்ட்பாஸ் என்ற பெட்டக நிறுவனத்திடமிருந்து வாடிக்கையாளர்களின் பெட்டகப் பிரதிகளே திருடு போயின. கடவுச்சொற்கள் சங்கேதமாக இருந்தன, ஆனால் அந்தச் சங்கேதத்தின் பலம், பெட்டகத்தைத் திறக்க அவரவர் வைத்த தலைமைச் சொல்லின் பலம்தான். அதனால்தான் அதற்கு ஐந்து சொல் கேட்கிறேன். பெட்டகம் பிடிக்கவில்லை என்றால் அறந்தாங்கி ஐயாவின் டைரி இருக்கவே இருக்கிறது. 30 இடத்திலும் ஒரே சொல் வைப்பதைவிட இரண்டுமே எவ்வளவோ மேல்.

எல்லாவற்றுக்கும் ஓ.டி.பி. வருகிறதே, பிறகு கடவுச்சொல்லைப் பற்றி எதற்குக் கவலை?
— ஏலக்காய் வியாபாரி, போடி

எல்லாவற்றுக்கும் வருவதில்லை. இணையத்தில் கார்டு கொடுத்து வாங்கும்போது இரண்டாவது சரிபார்ப்பு வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2009-லேயே கட்டாயமாக்கியது, அதனால் நமக்கு அந்தப் பழக்கம் வந்தது. மெயிலுக்கும் வாட்ஸ்அப்புக்கும் நீங்களாகப் போய் இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்கி வைத்தால்தான் உண்டு. வாட்ஸ்அப்பில் அது ஆறு இலக்க எண்.

ஓ.டி.பி. உங்களிடம் வருவதில்லை என்பதையும் கவனியுங்கள், உங்கள் சிம்முக்கு வருகிறது. போலி ஆவணம் கொடுத்து உங்கள் எண்ணுக்கு மாற்று சிம் வாங்கிவிட்டால் அது அவனுக்குப் போகும். காரணமில்லாமல் சிக்னல் மணிக்கணக்கில் போய்விட்டால் வேறொரு போனிலிருந்து வங்கியை அழையுங்கள். ரீசார்ஜ் செய்யாமல் விட்ட பழைய எண், இணைப்பு துண்டிக்கப்பட்டு 90 நாள் கழிந்ததும் வேறொருவருக்குக் கொடுக்கப்படலாம். உங்கள் மெயிலின் மீட்பு எண் இன்னும் அதுவாக இருந்தால் யாரோ ஒரு அப்பாவியின் போனில் உங்கள் சாவி வந்து விழும்.

வியாபாரி என்பதால் இதையும் சேர்க்கிறேன்: பணம் பெறுவதற்கு யு.பி.ஐ. ரகசிய எண் தேவையே இல்லை. "பணம் அனுப்புகிறேன், பின் நம்பர் போட்டு ஏற்றுக்கொள்ளுங்கள்" என்று யார் சொன்னாலும் அவர் உங்களிடமிருந்து எடுக்கப் போகிறார். போய்விட்டது என்று தெரிந்தால் உடனே 1930-ஐ அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ, அவ்வளவுக்குப் பணத்தை வழியிலேயே நிறுத்தி வைக்க வாய்ப்பு.

"உங்கள் அம்மா பிறந்த ஊர் எது?" என்று பாதுகாப்புக் கேள்வி கேட்கிறார்களே, அது நல்ல காவல்தானா?
— மானாமதுரை வாசகர்

நம் ஊரில் கல்யாணப் பத்திரிகையிலேயே அச்சடித்துக் கொடுப்பதைக் கேட்கிறார்கள். 2008-இல் அமெரிக்கத் துணை அதிபர் வேட்பாளர் சாரா பேலினின் யாஹூ மெயிலுக்குள் ஒரு கல்லூரி மாணவர் இப்படித்தான் நுழைந்தார். பிறந்த தேதி, அஞ்சல் குறியீடு, கணவரை எங்கே சந்தித்தார் என்பவை மூன்றும் இணையத்தில் தேடினால் கிடைப்பவை. கேள்விக்கு உண்மை சொல்ல வேண்டும் என்று யாரும் சத்தியம் வாங்கவில்லை. அம்மா பிறந்த ஊர் "வெந்தயம்" என்று எழுதி, அதை டைரியில் குறித்துக்கொள்ளுங்கள்.

திருமணமாகி ஐந்து மாதம். போன் பாஸ்வேர்டைக் கொடுப்பதுதான் அன்புக்கு அடையாளம் என்கிறார் கணவர். மறுத்தால் முகம் சுருங்குகிறது.
— பெயர் வேண்டாம்

வீட்டுக் கணக்குகளான கேஸ், மின்கட்டணம், வைஃபை போன்றவற்றை இருவரும் தெரிந்து வைத்திருங்கள். உங்கள் மெயிலும் போனும் உங்களுடையவை. அவற்றில் உங்கள் தோழி தன் வீட்டுக் கஷ்டத்தை எழுதியிருப்பாள், அதை அவரிடம் காட்ட உங்களுக்கே உரிமையில்லை. முகம் இரண்டு நாளில் நேராகிவிடும். ஆகாவிட்டால், பிரச்சினை பாஸ்வேர்டில் இல்லையம்மா, உங்கள் அம்மாவிடம் பேசுங்கள்.

அப்பா இரண்டு மாதங்களுக்கு முன் தவறிவிட்டார். அவருடைய மெயிலில்தான் காப்பீட்டு விவரமெல்லாம் இருக்கிறது. போனும் திறக்கவில்லை. என்ன செய்வது?
— திருவாரூர் வாசகர்

மனம் கனக்கிறது. அவருடைய சிம்மை முதலில் உயிரோடு வைத்திருங்கள், ரீசார்ஜ் விடுபட வேண்டாம். காப்பீட்டுக்கும் வங்கிக்கும் மெயில் தேவையில்லை: இறப்புச் சான்றிதழ், வாரிசு அல்லது நாமினி ஆவணத்தோடு கிளைக்கே நேரில் போங்கள். எந்தெந்த நிறுவனம் என்று தெரியாவிட்டால் அவருடைய வங்கிப் பாஸ்புக்கில் ஆண்டுதோறும் போகும் தொகைகளைப் பாருங்கள், பிரீமியம் அங்கே பதிவாகியிருக்கும். மெயிலுக்காக, இறந்தவரின் கணக்கு பற்றிக் கோரிக்கை வைக்கும் படிவம் ஒன்று கூகுளிடம் உண்டு. அதில் கடவுச்சொல்லைத் தர மாட்டார்கள். உள்ளே இருப்பதைத் தருவதா என்பதை ஆவணங்களைப் பார்த்து அவர்களே முடிவு செய்வார்கள்.

இதைப் படிக்கும் மற்ற அப்பாக்களும் அம்மாக்களும் கவனிக்க: கூகுள் கணக்கில் இன்ஆக்டிவ் அக்கவுண்ட் மேனேஜர் என்ற வசதி 2013 முதல் இருக்கிறது. நீங்கள் குறிப்பிடும் காலத்துக்குக் கணக்கில் நடமாட்டம் இல்லையென்றால், நீங்கள் குறிப்பிடும் ஆளுக்குச் செய்தி போகும். குறைந்தது மூன்று மாதம், அதிகம் 18 மாதம். பத்து நிமிட வேலை.

நான் அதோடு நிறுத்தவில்லை. தலைமைச் சொல்லை ஒரு தாளில் எழுதி, உறையில் போட்டு ஒட்டி, நகைக்கடன் ரசீதுகளோடு பீரோவில் வைத்திருக்கிறேன். மகளுக்கு மட்டும் தெரியும். திருடன் வந்தாலும் கையில் எடுக்காமலிருக்க, உறையின் மேல் "ரேஷன் கார்டு ஜெராக்ஸ்" என்று எழுதியிருந்தேன். இதை இங்கே சொல்லிவிட்டதால் இன்று மாலை வேறு ஏதாவது எழுத வேண்டும்.